தூக்குவாளியில் ஒரு பத்தியம்

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குருத்துப்பூச்சி, உர அளவு, மானியம் என்று என் வேலைக்குள் அடங்கிவிடும். போன மாதம் ஆசிரியர் குழுவிலிருந்து எனக்கு அனுப்பிவைத்த ஒரு கேள்வி அப்படி அடங்கவில்லை. அது இதுதான்:

“எனக்கு 47 வயது. பென்னாகரம் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கேழ்வரகு போடுகிறேன். நிலத்து வருமானம் போதாமல் லாரி ஓட்டுகிறேன். மாதத்தில் 20 நாள் வண்டியில்தான். நான்கு வருடமாக சுகர், பி.பி. இரண்டும் உண்டு. அரிசியைக் குறை, இனிப்பை விடு, உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்கிறார் டாக்டர். ரோட்டில் இது எதுவுமே முடியவில்லை. கேழ்வரகு தின்றால் சுகர் ஏறாது என்கிறார்களே, மூன்று வேளையும் களி தின்னலாமா?”

கேழ்வரகு என்ற ஒரு சொல் இருந்ததால் இந்தக் கடிதம் வேளாண் அலுவலரிடம் வந்திருக்கிறது. நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மழையை நம்பி நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் ஸ்டீயரிங் பிடிக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்கு இதே கேள்வி இருக்கும்! போன் செய்தேன். வண்டி எப்.சி. வேலைக்காக நாமக்கல் பட்டறையில் நிற்பதாகவும், ஒரு வாரம் ஊரில் இருப்பதாகவும் சொன்னார். “ஒகேனக்கல்ல சொந்தக்காரங்க வீடு இருக்கு சார், அங்க வந்துடுங்க, மீன் சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்” என்றார். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். இந்த வழியில் வேலை நிமித்தமாக நான் பலமுறை போயிருக்கிறேன். பென்னாகரம் வரை இருபுறமும் கேழ்வரகும் சாமையும்தான் கண்ணில் படும். நடுநடுவே புளியமரம், வரப்பில் ஆமணக்கு. ஆடிப்பட்டத்தில் விதைத்த கேழ்வரகு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. சில வயல்களில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் பயிரும் புல்லும் ஒன்றாக நின்றன. பென்னாகரம் தாண்டியதும் காடு தொடங்குகிறது. மலைச்சாலை வளைந்து வளைந்து கீழே இறங்க, ஈரக்காற்று முகத்தில் படும்போதே காவிரி பக்கத்தில் வந்துவிட்டது தெரியும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் அடியிலேயே காரை நிறுத்தி ஒரு குடும்பம் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தது.

கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. நீர் விழுந்து எழும் சாரலைத்தான் புகை என்றார்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து கூடினால் இங்கே பரிசலும் குளியலும் நின்றுவிடும். நான் போன அன்று தடை இல்லை. பரிசல் துறையில் கூட்டம், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளிடம் அதைவிடக் கூட்டம்.

அருவியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது அடுப்பை.

ஒகேனக்கலில் சாப்பாட்டுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. மீனை நாமே வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை என்று கிடைப்பதைப் பொறுத்து. இந்த ஏற்பாட்டின் அருமை என்னவென்றால், சமைப்பவர் நம் கண்முன்னே இருக்கிறார். எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மாவு சேர்க்கலாமா வேண்டாமா என்று வாயைத் திறந்து சொல்லலாம். நெடுஞ்சாலை ஓட்டலில் இந்த வசதி கிடையாது. பத்தியக்காரருக்கு இதைவிடத் தோதான சாப்பாட்டுக்கடை வேறெங்கும் இருக்காது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: வறுவல். மசாலாவில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் முழுக்கப் போட்டு எடுப்பது. அதே எண்ணெயில் காலையிலிருந்து எத்தனை ஈடு வெந்ததோ தெரியாது. எண்ணெய் கறுத்து நுரை கட்டினால் அதில் பொரித்ததை யாருமே சாப்பிடக் கூடாது.

நம் ஓட்டுநர் இரண்டு கிலோ கட்லா வாங்கி வைத்துக் காத்திருந்தார். நெடிய ஆள், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. நான் சமைக்கும் அம்மாவிடம், பாதியைக் குழம்பு வையுங்கள், பாதியைத் தோசைக்கல்லில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள், உப்பு பாதி போதும் என்றேன். “சுகரா சார் உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “எங்க வீட்டுக்காரருக்கும்தான்” என்று அடுப்பைப் பற்றவைத்தார்.

மீன் நல்ல உணவு. புரதம் உண்டு, மாவுச்சத்து இல்லை, சர்க்கரையை ஏற்றாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்க்கரைக்கு அதிகம் பேர் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் தொடர்ந்தால் உடம்பில் பி12 வைட்டமின் குறைய வாய்ப்புண்டு. மீன், முட்டை, பால் ஆகியவற்றில் பி12 இருக்கிறது. கால் மரத்துப்போகிறது என்றால் சர்க்கரையால் மட்டும்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் பி12 பற்றியும் கேட்க வேண்டும். கிளட்ச் மிதிக்கிற கால் அது.

ஒரு நாள் கணக்கு

குழம்பு கொதிக்கும் நேரத்தில் அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். அவர் போவது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில். பழைய 7-ஆம் எண் சாலை என்றால் மூத்த ஓட்டுநர்களுக்குப் புரியும். ஓசூர், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர் என்று மேலே போகிற சாலை. போகும்போது ஒரு லோடு, திரும்பும்போது ஒரு லோடு.

காலை ஐந்து மணிக்கு டீ. ஆறு மணிக்கு மாத்திரை, ஏனென்றால் அலாரம் அடிக்கிறது. சாப்பாடு எப்போது? “அது லோடைப் பொறுத்தது சார்.” லோடு ஏற்றுமிடத்தில் வரிசை நகர்ந்தால் பத்து மணிக்கு இட்லி. நகராவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு நேராகச் சாப்பாடு, பசியில் மூன்று முறை சோறு வாங்குவது. இடையில் டீ, பன், பிஸ்கட். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா, சால்னா. பிறகு தூக்கம் வராமல் இருக்க மறுபடி டீ.

ஒரு நாளைக்கு எத்தனை டீ என்றேன். எட்டு இருக்கும் என்றார். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். எட்டு டீக்கு 80 கிராம். நான் டைரியில் எழுதிக் காட்டினேன். “லட்டு, ஜாங்கிரி எதுவும் தொடறதில்ல சார்” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தியம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பிரசவத்துக்குப் பத்தியம், மஞ்சள் காமாலைக்குப் பத்தியம், நாட்டு மருந்துக்குப் பத்தியம். எல்லாமே நாள் கணக்கு. நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் முடிந்துவிடும். அதுவும் வீட்டில், சமைத்துப் போட ஆள் இருக்கையில். சர்க்கரைப் பத்தியம் ஆயுசுக்கும். அதனால்தான் ‘எதையும் தொடாதே’ என்ற பத்தியம் இவர்களிடம் எடுபடுவதில்லை. இரண்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கர்னூலில் பிரியாணிக் கடையில் வண்டி நிற்கும்.

தொப்பூரில் நடந்தது

பேச்சு வாக்கில் அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகளுக்கு அது இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிற கார்களின் மேல் ஏறிய விபத்துகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். போன வருடம் ஒரு மாலையில் அந்த இறக்கத்துக்குச் சற்று முன்னால் இவருக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, எதிரே வரும் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன. தூக்கக் கலக்கம் என்று நினைத்து முகத்தைக் கழுவிக்கொண்டு எடுக்கப் பார்த்தாராம். கூட வந்த கிளீனர் பையன்தான், “அண்ணா, உங்க முகமே சரியில்ல” என்று வண்டியை எடுக்க விடாமல் பிடிவாதமாக டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். சர்க்கரை போட்ட டீ. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று மதியம் மாத்திரை போட்டிருந்தார், சாப்பிட்டிருக்கவில்லை. இதை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை.

அது தூக்கக் கலக்கம் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து போனது. லாரி ஓட்டுநருக்குச் சர்க்கரை ஏறுவது பத்து வருடத்தில் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரை இறங்குவது பத்து நிமிடத்தில் அவரையும், சாலையில் போகிற நம்மையும் கொன்றுவிடும். பத்தியம் என்ற பெயரில் பட்டினி கிடக்கும் ஓட்டுநர்கள் இதை நன்றாக மனதில் வாங்க வேண்டும்.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கும். இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருவதும் உண்டு. பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அட்டையை மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள். பயந்துகொண்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். “நான் லாரி ஓட்டுகிறேன், சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லை” என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை மாற்றித் தர அவருக்கு வழி இருக்கிறது. சொன்னால்தானே தெரியும்?

கையடக்கக் குளுக்கோமீட்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். இப்படி இறங்கக்கூடிய மருந்து எடுப்பவர்கள் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்கும்போது 90-க்கு மேல் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே போனால், அல்லது மீட்டர் இல்லாமல் நடுக்கமும் வேர்வையும் வந்தால், வண்டியை ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியான பிறகு ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரமாவது கழித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். உடம்பு சரியாகி விட்டாலும் மூளை நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இனிப்பே ஆகாது என்ற மனிதரின் டேஷ்போர்டில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். இருக்கட்டும். கிளீனருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

களியின் நிஜம்

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேழ்வரகு தின்றால் சுகர் ஏறாதா? ஏறும்.

கேழ்வரகை வளர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் போகிறவன் நான். அதன் பெருமையைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. 100 கிராமில் 360 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம், 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. ஆனால் மாவுச்சத்து? அரிசியில் 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67 கிராம். பெரிய வித்தியாசமில்லை. வெள்ளை அரிசியைவிட மெதுவாகச் செரிக்கும் என்பதும் எப்படிச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நைசாக அரைத்து, சலித்து, வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் அரிசிக்கு அண்ணனாக ஏறும். கொஞ்சம் குருணையாக அரைத்த மாவில் கெட்டிக்களி கிண்டிக் கீரையோடும் பருப்போடும் தின்றால் நிதானமாக ஏறும்.

அளவு இன்னும் முக்கியம். நம் பக்கத்துக் களி உருண்டை ஏர் ஓட்டுகிறவனுக்காக உருட்டியது. ஓர் உருண்டையில் 150, 200 கிராம் மாவு இருக்கும். போதாததற்கு அரிசி நொய் வேறு சேர்ப்போம். 200 கிராம் மாவென்றால் ஒரே வேளையில் 130 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்கு அது எதற்கு? நொய் சேர்க்காமல் 75 கிராம் மாவில் கிண்டினால் 50 கிராம் மாவுச்சத்து வரும். உருண்டை ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதுவே தொடக்கத்துக்கு நல்ல அளவு. உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை மீட்டர் சொல்லும். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் இருந்தால் சரி. அரிசிச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு கப் சோறு சாப்பிட்டால் குற்றமில்லை, மூன்றாவது முறை வாங்குவதுதான் குற்றம்.

பசி அடங்க வேண்டுமே? அதற்குத்தான் பக்கத்தில் இருப்பவை. கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். ஊறவைத்து வேகவைத்த கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை, மீன். தட்டில் பாதி காய், கீரை. கால்பங்கு கொள்ளோ மீனோ. மீதிக் கால்பங்குதான் களி. எங்கள் பாட்டி வீட்டில் களி நடுவிலே மலையாக இருக்கும், குழம்பு சுற்றிலும் அகழியாக ஓடும். அந்தப் படத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

பி.பி.க்காரருக்கு ஒரு எச்சரிக்கை. கூழுக்கு மோர்மிளகாய், களிக்குக் கருவாடு, சோற்றுக்கு ஊறுகாய் என்று ருசிக்கும் துணைகள் எல்லாமே உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பாதித்தவர்கள் பயறு, இளநீர், பழம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. அவர்கள் பத்தியம் வேறு.

குழம்பு வந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த களியை அவர் மனைவி இலையில் வைத்தார். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், உருண்டையைக் கையாலேயே பாதியாகப் பிய்த்து மீதியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டார். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. மீனை நான்கு துண்டு கூடுதலாக வைத்துக்கொண்டார். அது சரியான நடவடிக்கை.

நான்கு நாள் பயணத்துக்கு

வண்டியில் போவதற்கு என்ன கட்டிக்கொடுப்பது என்று அந்த அம்மா கேட்டார். கடிதம் எழுதியது கணவர் என்றாலும் தெளிவான கேள்விகள் எல்லாம் அவரிடமிருந்துதான் வந்தன.

முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடு தாராளமாகப் போகும். காலையில் கிண்டிய களி மதியம் வரை நன்றாக இருக்கும். இரவுக்குக் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டிய அடை நான்கு. தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிப்போகும், பொடி கொடுங்கள். வேகவைத்த முட்டையை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். நான்கு நாளும் தாங்குபவை என்றால் வறுத்த வேர்க்கடலை, உப்பில்லாத பொட்டுக்கடலை, கொள்ளுப்பொடி, கொய்யா, பெரிய நெல்லி. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது. நெல்லிக்காயை வாங்கித் தேனில் ஊறப்போட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சர்க்கரைக்காரர் அதைப் பச்சையாகக் கடிக்க வேண்டும்.

லோடு வரிசையில் நிற்கும்போது பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி கடலை. அதோடு மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டோடு கட்டிப்போடுங்கள். அலாரம் அடித்ததற்காக மாத்திரை போடாமல், எந்த மாத்திரையை உணவுக்கு முன், எதை உணவோடு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள்.

நம் ஊர் லாரிக்காரர்கள் ஸ்டவ், குக்கர், அரிசி, மளிகை எல்லாம் வண்டியிலேயே வைத்துச் சமைப்பது நல்ல பழக்கம். வடக்கே போனால் வண்டி நிழலில் உட்கார்ந்து சமைப்பவர்களை வைத்தே அது தமிழ்நாட்டு வண்டி என்று சொல்லிவிடலாம். அந்த அரிசி டப்பாவில் பாதியைச் சாமைக்கு மாற்றுங்கள். அரைமணி ஊறவைத்தால் சாமை சீக்கிரம் வெந்துவிடும். ஓர் ஆளுக்கு 60 கிராம், அதே எடைக்குப் பாசிப்பருப்போடு சேர்த்து, கிடைக்கிற காயைப் போட்டுக் கிச்சடியாக இறக்கிவிடலாம். பளபளவென்று வெளுத்த சாமையை வாங்காதீர்கள், தவிடு முழுக்கப் போனது அது. சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே. கதவை மூடிக்கொண்டு கேபினுக்குள் அடுப்பெரித்தால் புகை தெரியாமலேயே ஆளைக் கொல்லும். பஞ்சு லோடு, எண்ணெய் லோடு என்றால் தீப்பெட்டியே எடுக்காதீர்கள்.

கடையில்தான் சாப்பிட வேண்டும் என்றால்? என் கருத்தைச் சொன்னால் நம் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐதராபாத் தாண்டி வருகிற பஞ்சாபி தாபாக்கள், பத்தியக்காரருக்கு நம் நெடுஞ்சாலைப் பரோட்டாக் கடைகளைவிட மேல். கோதுமை ரொட்டி இரண்டு, வெண்ணெய் தடவாமல். தால் ஒரு கிண்ணம், சப்ஜி ஒரு கிண்ணம், தயிர், பச்சை வெங்காயம், முள்ளங்கி. இது முழுச் சாப்பாடு. தாலுக்கு மேலே மிதக்கும் நெய்யை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சர்க்கரையில்லாத டீக்கு அங்கே ‘பீக்கி சாய்’ என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை அவர் செல்போனில் பதிந்துகொண்டார்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றது. எந்த ஓனர் அதைப் பார்த்து வண்டி அனுப்பினார் என்று கேட்டுவிடாதீர்கள். அந்த அரைமணியை நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் சாப்பாடு, பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடை. டயரைத் தட்டிப் பார்த்தமாதிரியும் ஆச்சு, சாப்பிட்ட பின் நடந்தமாதிரியும் ஆச்சு.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறினால் தாகம் அதிகம். வீட்டிலிருந்து 20 லிட்டர் கேன் நிரப்பிக்கொண்டு போவதாகச் சொன்னார். எந்தத் தண்ணீர் என்றேன். “போர் தண்ணி, காய்ச்சித்தான் சார்.” தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் வரும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வரும்போது பிடித்துக் கேனை நிரப்புங்கள், போர் தண்ணீரைக் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மூட்டைக் கணக்கு

கடைசியில் நிலத்துப் பேச்சு வந்தது. போன வருடம் விளைந்த கேழ்வரகு முழுவதையும் விற்றுவிட்டாராம். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அதற்காக அரசே கொள்முதல் செய்கிறது. 2024-25-க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். விற்றது சரிதான். ஆனால் மொத்தத்தையும் விற்றுவிட்டுக் கடையில் பாக்கெட் மாவு வாங்குவதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாவு நைசாகச் சலித்தது. சத்துமாவு என்று எழுதிய பாக்கெட்டுகள் சிலவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

அவருக்கு வேளைக்கு 75 கிராம், நாளைக்கு இரண்டு வேளை என்றாலும் வருடத்துக்கு 55 கிலோ. ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூட. அதை வீட்டில் நிறுத்திக்கொண்டு, மாதா மாதம் ஐந்து கிலோ எடுத்து உள்ளூர் மில்லில் கொஞ்சம் குருணையாக அரைத்துக்கொள்ளச் சொன்னேன். மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வருகிறதாம். அதே வேகத்தில் மாவும் அரைத்து வைத்தால் வண்டி கிளம்பும்போது இரண்டும் ஒன்றாக ஏறிவிடும்.

கொள்ளை அவர் இதுவரை மாட்டுக்கென்றுதான் நினைத்திருக்கிறார். மேட்டுப்பக்கம் 25 சென்ட் சும்மா கிடப்பதாகச் சொன்னார். புரட்டாசி மழையில் அதில் பையூர்-2 கொள்ளு விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்ற கணக்கில் 2 கிலோ போதும். வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டு விதையுங்கள். நூறு நாளைக்கு மேல் கொஞ்சம் எடுக்கும், தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மழை ஒத்துழைத்தால் 40, 50 கிலோ வரும். தினம் 30 கிராம் சாப்பிட்டால் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 11 கிலோதான். மீதி வீட்டில் மற்றவர்களுக்கும், பொட்டு மாட்டுக்கும். விதைப்பதற்கு முன் ரைசோபியம் கலக்க மறக்க வேண்டாம். விதை கிடைக்காதவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஆவணிக் கடைசிக்குள் பெயர் கொடுத்து வையுங்கள். புரட்டாசியில் வந்து கேட்டால் இருப்பு இருக்காது.